மஞ்சள் இலையின் கணக்கு

பினாங்கில் ஹோஸ்டா நிலைக்காது. கிழங்கு வாங்கிவந்து சட்டியில் நட்டால் முதல் தடவை நன்றாகவே தழைக்கும். அடுத்த தளிர்ப்பில் இலை சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். அதற்கும் அடுத்த முறை தளிர் வருவதே சந்தேகம். தண்ணீரிலும் குறையில்லை, உரத்திலும் குறையில்லை. அந்தச் செடி கேட்பது குளிர்காலம். அது இந்தத் தீவில் இல்லை.

ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் மலைச்சாரல்களிலும் ஓடைக்கரைகளிலும் பிறந்தது ஹோஸ்டா. இனங்கள் சில பத்துதான்; அவற்றிலிருந்து தோட்டக்காரர்கள் உண்டாக்கிய ரகங்களோ பல ஆயிரம். குளிர் தொடங்கியதும் மண்ணுக்கு மேலே இருப்பதையெல்லாம் காயவிட்டு, மொட்டை மட்டும் கிழங்கில் பொத்திவைத்துக்கொண்டு உறங்கிவிடும். அந்த உறக்கம் முறையாகக் கலைய வேண்டுமானால், 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே 600, 700 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும் என்பது ஹோஸ்டா வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஜார்ஜ் டவுனில் விடியற்காலைக் குளிரே 23, 24 டிகிரி. கொடிமலையின் 833 மீட்டர் உச்சியில் அதைவிட ஐந்து டிகிரிதான் குறையும். கேமரன் மலையில் தானா ராத்தாவரை ஏறினாலும் இரவில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். உறங்க முடியாத கிழங்கு, சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தளிருக்கே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது.

ஆனாலும் ஹோஸ்டாவுக்கு ஆசைப்படுகிறவர்களை நான் புரிந்துகொள்கிறேன், அதிலும் மஞ்சள் இலை ரகங்களுக்கு ஆசைப்படுகிறவர்களை. 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' என்ற ரகம் ஒற்றைத் தூராகவே ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விரியும்; எலுமிச்சை நிறத்தில், மடிப்பு மடிப்பாக, கனத்த இலை. 'ஆகஸ்ட் மூன்', 'பீட்மான்ட் கோல்ட்' ஆகியவையும் புகழ்பெற்றவை. குளிர்நாட்டுத் தோட்டங்களில் வெயில் எட்டாத மரத்தடிகளிலும் வீட்டின் வடக்கு ஓரங்களிலும் இவற்றை வைப்பார்கள். இருண்ட மூலைக்கு வெளிச்சம் வந்துவிடும்.

அப்படி வெளிச்சம் கேட்கும் மூலைகள் பினாங்கிலும் ஏராளம். கடைவீடுகளின் நடுமுற்றம், தொடர்வீட்டின் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சந்து, ரம்புத்தான் மரத்தடி என்று எங்கும் நிழல். இந்த இடங்களுக்கு உரிய மஞ்சள் இலைகள் வெப்பமண்டலத்திலேயே உண்டு. அவற்றை ஏன் இங்கே வைக்கலாம், அங்கே வைக்கக்கூடாது என்பதை நிறத்தின் வேதியியலும் சூரியனின் பாதையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அந்த இரண்டையும் அறிந்தவர்தான் மஞ்சள் இலையை மஞ்சளாகவே வைத்திருக்க முடியும்.

மஞ்சள் இலை ஏன் நிழலில் மின்னுகிறது? பாதிக் காரணம் நம் கண்ணில் இருக்கிறது. எல்லா நிறத்தையும் கண் ஒரே அளவில் உணர்வதில்லை. பகல் வெளிச்சத்தில் அது மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை. பச்சை மஞ்சளாக மாறத் தொடங்கும் இடம் அது. வெளிச்சம் குறையக் குறைய இந்த உச்சம் 507 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலம் கலந்த பச்சையின் பக்கம், நகர்கிறது. அந்தி சாயும்போது செம்பருத்திப் பூ எல்லாவற்றுக்கும் முன்னால் கறுத்துப்போவதும், எலுமிச்சை நிற இலை கடைசிவரை தெரிவதும் இதனால்தான்.

மறுபாதி இலையில் இருக்கிறது. சாதாரணப் பச்சை இலை தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். பச்சை என்று நாம் பார்ப்பது அது விட்டுவைத்த மிச்சத்தைத்தான். மஞ்சள் இலை நீல ஒளியை எடுத்துக்கொண்டு, பச்சையிலும் சிவப்பிலும் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்புகிறது. பச்சை ஒளியும் சிவப்பு ஒளியும் சேர்ந்து வந்தால் கண்ணுக்கு அது மஞ்சள். கண்ணுக்குப் பிடித்த அலைநீளத்தில், பக்கத்து இலையைவிட அதிக ஒளியை வீசும் பரப்பு இருட்டில் எடுப்பாகத் தெரியாமல் என்ன செய்யும்?

இலைக்குள் இரண்டு வகை நிறமிகள் வேலை செய்கின்றன. பச்சையம் ஒன்று, அதன் மூலக்கூறின் நடுவில் ஒரே ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கும். கரோட்டினாய்டுகள் மற்றொன்று, இவற்றில் மஞ்சள் நிற லூட்டின் முக்கியமானது. பச்சை இலையிலும் லூட்டின் உண்டு, பச்சையத்தின் அடர்த்தியில் அது தெரிவதில்லை. பழுத்து உதிரப்போகும் இலை மஞ்சளாவது, செடி இலையிலிருந்து நைட்ரஜனை மீட்டெடுக்கும்போது பச்சையத்தையும் பிரித்துவிடுவதால். அது முடிவின் நிறம். தங்க நிற ரகங்களின் கதை வேறு. அவற்றில் மரபணு மாற்றத்தால் பச்சையம் பிறக்கும்போதே குறைவு, அல்லது உருவாகும் வேகத்தைவிட அழியும் வேகம் அதிகம். லூட்டின் வெளியே தெரிகிறது. இலை உயிரோடும் உழைப்போடும்தான் இருக்கிறது.

பச்சையம் குறைந்தால் உணவு குறையாதா? குறையும், ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. கொட்டும் மழையில் அண்டாவை வைத்தாலும் குடத்தை வைத்தாலும் குடிக்கத் தண்ணீர் கிடைத்துவிடுவது போலத்தான் நிலநடுக்கோட்டு வெயிலும். உச்சி வெயிலில் பெரும்பாலான இலைகளின் ஒளிச்சேர்க்கை, கிடைக்கும் ஒளியில் கால்பங்கிலிருந்து அரைப்பங்குக்குள்ளேயே நிறைவு அடைந்துவிடும். மிச்சத்தை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளியாக வேண்டும், இல்லாவிட்டால் அது இலையையே சேதப்படுத்தும். அப்படித் தள்ளும் வேலையில் பெரும்பங்கு கரோட்டினாய்டுகளுடையது. பச்சையம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த சோயா வகைகளை வயலில் வளர்த்துப் பார்த்தபோதும், ஒளிச்சேர்க்கை பாதியாகிவிடவில்லை. மேலடுக்கு இலைகள் விட்டுக்கொடுத்த ஒளி கீழடுக்குக்கு இறங்கியது அதற்கு ஒரு காரணம். ஒளி மிகுந்த ஊரில் பச்சையத்தைக் குறைத்துக்கொள்வது செடிக்குத் தாங்கக்கூடிய இழப்பே. ஒளி குறைந்த இடத்தில்தான் ஒவ்வொரு துளி பச்சையமும் கணக்கில் வருகிறது.

இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க, சாலையோரத்து டுரண்டா வேலி போதும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பினாங்கிலும் ஒன்றுபோல வேலியாகிவிட்ட செடி இது. தங்க நிற டுரண்டாவின் மேல்தழை எலுமிச்சை மஞ்சளாகப் பளபளக்கும். இரண்டு கையாலும் தழையை விலக்கி உள்ளே பார்த்தால், ஒரு சாண் ஆழத்தில் நிறம் மாறிவிடும். அதே கிளை, அதே மரபணு, ஆனால் இலை பச்சை. இடையில் இருக்கும் இலைகள் இன்னும் தெளிவாகக் காட்டும்: மேல் இலையின் நிழல் விழுந்த பாதி பச்சை, வெயில் பட்ட பாதி மஞ்சள், நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை. வெயிலில் பச்சையம் அழிவது வேகமாகவும், நிழலில் அது சேர்வது நிதானமாகவும் நடப்பதன் பதிவு அந்த இலை. வேலியாக வளரும் தங்க நிற இச்சிமரமும் இப்படியேதான் நடந்துகொள்கிறது.

நிழலுக்கு வெளிச்சம் சேர்க்கலாம் என்று டுரண்டாவை வாங்கி மரத்தடியில் நட்டவருக்குக் கிடைப்பது சாதாரணப் பச்சைச் செடி, அவ்வளவுதான். முழு வெயிலுக்கு உரியது அது. வேலியைக் கத்தரித்துக்கொண்டே இருப்பதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு: இளந்தளிர்தான் மிக மஞ்சள், கத்தரிக்கக் கத்தரிக்க இளந்தளிர் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை. கத்தரிக்காமல் விட்டால் டுரண்டா ஊதாப் பூ பூத்து, கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறப் பழம் காய்க்கும்; அந்தப் பழம் நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் வாசலில் அதைப் பழுக்க விடக்கூடாது.

குரோட்டன்ஸ் வேறு ரகம். அதற்கு இந்தப் பக்கமே சொந்த ஊர். மலாய்க்காரர்கள் புடிங் என்று அழைக்கும் இந்தச் செடி மலுக்குத் தீவுகள் தொடங்கி ஆஸ்திரேலியா, மேற்குப் பசிபிக் தீவுகள்வரை இயற்கையாக வளர்வது. கிராம்பும் ஜாதிக்காயும் பினாங்குக்கு வந்ததும் அதே மலுக்குத் தீவுகளிலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் 1790-களின் இறுதியில் அங்கே போய் நாற்றுகளை அனுப்பினார். அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அம்போன் தீவில் வாழ்ந்த தாவரவியலாளர் ரம்பியஸ், குரோட்டன்ஸை விவரித்து எழுதிவிட்டார். 1670-இல் பார்வை போன பிறகும் அந்த மனிதர் மற்றவர்களைக் கொண்டு எழுதவும் வரையவும் செய்து தன் பெருநூலைத் தொடர்ந்தார். அவர் இறந்தது 1702-இல்; நூல் அச்சேறத் தொடங்கியது 1741-இல்தான்.

குரோட்டன்ஸை உலகத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனதில் இங்கிலாந்தின் வீச் நர்சரிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் குடும்பத்தின் ஜான் கூல்ட் வீச் 1860-இல் ஜப்பானில் செடி சேகரித்தவர். 1864-இல் புறப்பட்டு ஆஸ்திரேலியாவுக்கும் தென்கடல் தீவுகளுக்கும் போய்க் குரோட்டன்ஸ் வகைகளை ஏராளமாக அனுப்பினார். ஹோஸ்டாவின் நாட்டையும் குரோட்டன்ஸின் நாட்டையும் ஒரே மனிதர் சுற்றியிருக்கிறார். காசநோயால் 1870-இல் இறந்தபோது அவருக்கு வயது 31. அதே நர்சரிக்காக போர்னியோ, சுமத்ரா, ஜாவா, மலுக்குத் தீவுகள் என்று அலைந்த சார்லஸ் கர்டிஸ்தான் 1884-இல் பினாங்குக்கு வந்து, நீர்வீழ்ச்சிப் பள்ளத்தாக்கில் கருங்கல் உடைத்த குழிகளைத் திருத்தித் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். 1903 வரை அதைப் பார்த்துக்கொண்டார். தைப்பூசத்தன்று காவடியோடு தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய அந்தப் பூங்காவின் வாசல்வரை போய்விட்டுத்தான் படி ஏறுகிறார்கள். காவடி இல்லாத ஒரு நாளில் இன்னும் சற்று நடந்து உள்ளே போய்வரலாம். வெப்பமண்டலச் செடி எந்த வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்பதை இந்தத் தீவில் அதைவிட நன்றாகக் காட்டும் இடம் இல்லை.

குரோட்டன்ஸில் மூன்றாவதாக ஒரு நிறமியும் சேர்கிறது: ஆந்தோசயனின், சிவப்பு. பல ரகங்களில் இளந்தளிர் பச்சையும் மஞ்சளுமாக வந்து, இலை முதிர முதிரச் சிவப்பு ஏறும். ஒரே செடியில் மேலிருந்து கீழாகப் பார்த்தால் இலையின் வயது நிறமாகத் தெரியும். மஞ்சளாகவே நிலைக்கும் ரகங்களும் உண்டு. பொற்புள்ளி தெளித்த மாதிரி இருப்பவை அவற்றில் மிக உறுதியானவை. எல்லாவற்றுக்கும் நாளில் பாதியாவது நேர் வெயில் வேண்டும். காலை வெயில் பட்டு, பிற்பகலில் சுவர் நிழல் விழும் இடம் மிகப் பொருத்தம். இருட்டில் வைத்தால் புதிய இலைகள் மங்கிய பச்சையாக வரும், பழைய இலைகள் உதிரும். விதை போட்டால் தாயின் நிறம் வராது. அதனால் குச்சி நடுவார்கள், அல்லது கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரப் பாசி வைத்துக் கட்டி விண்பதியம் போடுவார்கள். வெட்டும்போது வடியும் பால் தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

அப்படியானால் உண்மையான நிழலுக்கு, ஹோஸ்டா செய்யும் வேலைக்கு, எதை வைப்பது? என் முதல் தேர்வு மணி பிளாண்ட். அதிலும் இலை முழுவதும் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் நியான் ரகம். நிழலில் அதன் இலை சற்று மங்குமே தவிர டுரண்டாவைப் போல முழுப் பச்சையாகிவிடாது. காட்டு மரத்தடியில் ஏறி வளரும் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், குறைந்த ஒளியில் பிழைக்கும் உடலமைப்பு அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. எலுமிச்சை நிற பிலோடென்ட்ரானும் அப்படித்தான். தரையில் வைக்க வேண்டுமானால், இலையின் நடுவே மஞ்சள் பட்டை ஓடும் டிரசீனா.

மணி பிளாண்ட்டைப் பற்றி ஒரு வியப்பான உண்மை உண்டு. பிரெஞ்சு பொலினீசியாவின் மோரியா தீவில் பிறந்த இந்தக் கொடி உலகம் முழுவதும் பரவியிருக்கிறது, ஆனால் பூப்பதே இல்லை. தானாகப் பூத்ததாகக் கடைசிப் பதிவு 1964-இல். 2016-இல் தைவான் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு ஒன்று இதில் வேலை செய்வதில்லை. ஜிப்ரலினை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. பூவும் விதையும் இல்லாததால் நம் வீட்டுக் கொடியும் பக்கத்து வீட்டுக் கொடியும் ஏதோ ஒரு கொடியின் துண்டுகள். வெள்ளைக் கோடு போட்டவை, முழு மஞ்சளானவை என்று இன்றிருக்கும் வகைகளெல்லாம் எங்கோ ஒரு தண்டின் நுனியில் ஒரு செல் மாறியதால் வந்தவை. அந்த மாற்றத்தை யாரோ ஒருவர் கவனித்து, வெட்டி, தனியாக நட்டிருக்கிறார். கவனிக்காமல் விட்டிருந்தால் அதிகப் பச்சையம் உள்ள பக்கத்துத் தண்டு வேகமாக வளர்ந்து அதை மூடியிருக்கும்.

வரிபோட்ட இலைகளில் இந்தச் செல் மாற்றம் எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு மாமியார் நாக்குச் செடி நல்ல சாட்சி. கத்தி போல நிமிர்ந்த பச்சை இலை, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கரை. ஓர் இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி மணலில் நட்டால் வேர் விடும், சில மாதங்களில் குட்டியும் வரும். குட்டியில் மஞ்சள் கரை இருக்காது, முழுப் பச்சை. செடியின் வளர்முனையில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் ஓர் அடுக்கு மட்டும் பச்சையம் செய்யும் திறனை இழந்தது. அந்த அடுக்கிலிருந்து உருவாகும் பகுதிதான் இலையின் ஓரம். இரண்டு வகைச் செல்கள் ஒரே உடலில் வாழ்கின்றன. இலைத் துண்டிலிருந்து குட்டி கிளம்புவது பச்சைச் செல்களிலிருந்து என்பதால் மஞ்சளுக்கு அங்கே இடமில்லை. கரையோடு குட்டி வேண்டுமானால், வளர்முனையும் சேர்ந்து வரும்படி தூரையே பிரித்து நட வேண்டும். மஞ்சள் கரை ஹோஸ்டாக்களும் இதே காரணத்துக்காகத் தூர் பிரித்துத்தான் பெருக்கப்படுகின்றன.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி எளிது. வரிபோட்ட செடியிலோ தங்க நிறச் செடியிலோ வெயில் படும் இடத்தில் ஒரு தண்டு முழுப் பச்சையாகக் கிளம்பினால், அதைப் பார்த்த அன்றே அடிவரை வெட்டிவிட வேண்டும். "பாவம், நன்றாகத்தானே வளர்கிறது" என்று விட்டால் ஓராண்டில் செடி முழுக்க அதுவாகிவிடும். நன்றாக வளர்கிறது என்பதுதான் பிரச்சினையே.

மஞ்சள் இலைச் செடி வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: பிறவி மஞ்சளையும் நோய் மஞ்சளையும் எப்படிப் பிரிப்பது? எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை; தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றை முதிய இலையிலிருந்து பிடுங்கி இளம் இலைக்குக் கொடுக்கும். அடி இலை சீராக வெளிறினால் நைட்ரஜன் போதவில்லை. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி வெளிறினால் மக்னீசியம் போதவில்லை. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் தீவில் சட்டி மண்ணிலிருந்து இந்த இரண்டும் கரைந்து ஓடுவது சகஜம். எப்சம் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மக்னீசியக் குறை தீரும். இரும்பு அப்படி இடம் மாறாது. நுனித் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக வெளிறி வந்தால் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் இதை முக்கியமாகக் கவனிக்கச் சொல்வேன். அவற்றின் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பு. உதிரும் பூச்சும் மழையில் கரைந்து வழியும் சுண்ணாம்பும் சுவரோர மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. சுவரை ஒட்டிய மண்ணில் நடாமல், நார்த்தூளும் மட்கிய தழையும் கலந்த சட்டியில் நட்டுச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும்.

2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்த நகரத்தின் கடைவீடு குறுகலானது, நீளமானது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், சன்னலுக்கு வழியில்லை. அதனால் நடுவே கூரையைத் திறந்துவிட்டு முற்றம் வைத்தார்கள். செட்டிநாட்டு வீட்டை அறிந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு, அளவுதான் சிறியது. அந்த முற்றத்தில் வெயில் எப்போது, எங்கே விழும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். ஜார்ஜ் டவுன் இருப்பது வடக்கே 5.4 டிகிரியில். சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும், நேர் தலைக்கு மேல் வரும். கடிகாரத்தில் அது பகல் ஒன்றேகால் மணி அளவில் நிகழும், ஏனென்றால் மலேசிய நேரம் கிழக்கே 120 டிகிரித் தீர்க்கரேகைக்கு வைத்தது. பினாங்கு இருப்பதோ 100-இல்.

சுவர் உயரம் 8 மீட்டர், முற்றம் வடக்கு தெற்காக 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேல் வரும் அந்த நாட்களில் நண்பகல் வெயில் தரை முழுவதும் கொட்டும். ஜூனில் சூரியன் உச்சியிலிருந்து 18 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். தெற்குச் சுவரின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் வெயில் விழும். டிசம்பரில் 29 டிகிரி தெற்கே சாய்ந்துவிடும். நண்பகல் வெயில் தரையைத் தொடவே தொடாது, வடக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேலேதான் படும். உங்கள் முற்றத்தின் அளவை நாடாவில் அளந்து, ஒரு தாளில் கோடு போட்டால் இந்தப் படம் கிடைத்துவிடும். செடி வாங்கப் போகுமுன் இந்தத் தாளைப் போட்டுக்கொள்வது, எந்த நர்சரிக்காரர் சொல்லும் ஆலோசனையையும்விட உதவும் என்று நம்புகிறேன்.

மாதக்கணக்கில் நிழலிலேயே இருந்த நியான் இலையின் மேல் ஏப்ரலில் திடீரென்று உச்சி வெயில் அடித்தால் என்ன ஆகும்? பழுப்பு நிறத்தில், காகிதம் போலக் காய்ந்த திட்டுகள் விழும். நிழலுக்குப் பழகிய இலையில் மிகை ஒளியை வெளியேற்றும் ஏற்பாடு குறைவு. அதைப் பெருக்கிக்கொள்ளச் சில நாளாவது வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் சட்டிகளைத் தூணோரம் நகர்த்திவிடுவதோ, நண்பகலுக்கு மட்டும் மேலே வலை கட்டுவதோ போதும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் முற்றத்துச் செடிகளில் சிலந்திப்பூச்சியும் மாவுப்பூச்சியும் ஏறும். இலையின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். பூச்சட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசு வளரவிடுவது அபராதத்துக்கு உரிய குற்றம். போத்தல் தண்ணீரில் மணி பிளாண்ட் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான். மணி பிளாண்ட் இலையில் ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் பூனைக்கும் தவழும் குழந்தைக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

உயரத்தில் வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. டிசம்பரில் வெயில் படும் வடக்குச் சுவரின் மேல்பகுதிக்கு, தென்னை நார் சுற்றிய கம்பில் மணி பிளாண்ட்டை ஏற்றிவிடலாம். தொங்கவிட்ட கொடியில் இலை உள்ளங்கை அளவோடு நின்றுவிடும். ஏறும் கொடியில் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடப் பெரிதாகும். போதிய ஒளியும் ஈரமும் கிடைத்தால் முதிர்ந்த இலை அரை மீட்டரையும் தாண்டும், ஹோஸ்டாவின் இலைக்குச் சளைக்காது. கம்பை எப்போதும் ஈரமாக வைத்திருந்தால் கணுவேர்கள் பற்றிக்கொள்ளும். நுனி கூரையைத் தொட்டதும் இரண்டு கணுவோடு வெட்டி, அதே சட்டியில் அடிப்பக்கம் நட்டுவிடுங்கள். கீழே வெறுமையாகத் தெரியும் தண்டுப் பகுதி புதிய மஞ்சள் இலையால் மூடிக்கொள்ளும்.